மணி அடித்தால் எந்தக் கோர் எழுந்து போவது?

லினக்ஸ் ஓடும் கணினி கையருகே இருந்தால், ப்ராக் என்ற கோப்பகத்துக்குள் இன்டரப்ட்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். வட்டில் கிடக்கும் கோப்பு இல்லை அது. நாம் கேட்கும் நொடியில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் எழுதித் தரும் கணக்கு. மேலே சிபியு 0, சிபியு 1, சிபியு 2 என்று கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாக நிரலை ஓட்டும் பகுதி) ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. வலக்கோடியில் கீபோர்டு, யுஎஸ்பி, நெட்வொர்க் கார்டு, என்விஎம்இ வட்டு என்று சாதனங்களின் பெயர்கள். நடுவில் வெறும் எண்கள்: இந்தச் சாதனம் இந்தக் கோரை இதுவரை எத்தனை முறை கூப்பிட்டிருக்கிறது.

கொஞ்ச நேரம் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பல வரிகளில் ஒரே ஒரு பத்தியில்தான் எண் இருக்கும், மற்றதெல்லாம் பூஜ்யம். எட்டுக் கோரும் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கீபோர்டு அதே ஒரு கோரைத்தான் எழுப்பிக்கொண்டிருக்கிறது. ராஸ்பெர்ரி பை 4 போன்ற சின்னப் பலகையில் ஏறக்குறைய எல்லாச் சாதனமும் சிபியு 0-இன் தலையில்தான் விழுந்திருக்கும். முதல் தடவை இதைப் பார்த்தபோது ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். இத்தனை கோர் இருக்க, வேலையைச் சமமாகப் பங்குபோட்டால் என்ன? பங்குபோட்டுத்தான் பார்த்தார்கள். அது ஏன் சரிப்பட்டு வரவில்லை, அப்புறம் என்ன செய்தார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் சொல் விவகாரம். இன்டரப்ட் என்பதைத் தமிழில் குறுக்கீடு என்கிறோம். பொருத்தமான சொல், அதையே வைத்துக்கொள்கிறேன். ப்ராசசருக்குச் செயலி என்று நல்ல சொல் ஒன்று இருந்தது. அதை மொபைல் ஆப்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டன. ஆகவே ப்ராசசர், கோர்.

ஒரு கோர் ஏதோ நிரலை ஓட்டிக்கொண்டிருக்கிறது. நெட்வொர்க் கார்டுக்கு ஒரு பாக்கெட், அதாவது ஒரு தகவல் பொட்டலம், வந்து சேர்கிறது. வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று கோர் போய்ப் போய்க் கேட்கலாம்தான். ஆனால் பெரும்பாலான நேரம் ஒன்றும் வந்திருக்காது, கேட்டதெல்லாம் வீண். அதனால் கார்டே கூப்பிடுகிறது. கோர் கையிலிருக்கும் கட்டளையை முடிக்கிறது; எங்கே விட்டோம், எந்த நிலையில் விட்டோம் என்பதை ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் குறித்து வைக்கிறது; அழைப்போடு வந்த எண்ணை ஓர் அட்டவணையில் தேடி, அந்த எண்ணுக்குரிய கெர்னல் பகுதிக்குத் தாவுகிறது. இன்டெல் வகை ப்ராசசர்களில் இந்த அட்டவணைக்கு 256 இடங்கள். முதல் 32 இடங்கள் பூஜ்யத்தால் வகுத்துவிட்டது, நினைவகப் பக்கம் கிடைக்கவில்லை போன்ற ப்ராசசரின் சொந்தத் தடுமாற்றங்களுக்கு ஒதுக்கப்பட்டவை. வந்த வேலை முடிந்ததும், முடிந்தது என்று அழைப்புகளைக் கடத்தும் கன்ட்ரோலர் சில்லுக்குச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பழைய நிரல் தொடர்கிறது. தாளித்துக்கொண்டிருக்கும்போது காலிங் பெல் அடித்தால் அடுப்பை சிம்மில் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்துவிட்டு வருகிறோமே, அது மாதிரி.

வீட்டில் ஒரே ஆள் என்றால் யார் போவது என்ற கேள்வி எழாது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி அப்படித்தான் இருந்தது. கன்ட்ரோலர் 8259 என்ற சில்லு. சாதனங்களிலிருந்து அதற்குள் 8 கம்பிகள் வரும், அதிலிருந்து ப்ராசசருக்கு ஒரே கம்பி போகும். 1984இல் பிசி ஏடி வந்தபோது இன்னொரு 8259-ஐ முதல் சில்லின் ஒரு கம்பியில் கோத்துவிட்டார்கள். ஆக 15 கம்பிகள். சாதனங்களின் பக்கம் எண்ணிக்கை கூடியதே தவிர, ப்ராசசர் பக்கம் அதே ஒற்றைக் கம்பி. யாருக்கு என்று குறிக்க அந்தச் சில்லில் இடமே கிடையாது. இரண்டாவது ப்ராசசரைப் பக்கத்தில் பொருத்தினால், மணியின் கம்பி அதன் அறைவரை நீளாது.

1990களின் நடுவில் இன்டெல் இதற்கு வழி செய்தது. ஒவ்வொரு ப்ராசசருக்குள்ளும் லோக்கல் ஏபிக் என்று ஒரு சின்னக் கன்ட்ரோலர். 1994இல் வந்த பென்டியம்களிலேயே இது உள்ளே வந்துவிட்டது. சாதனங்களின் பக்கம் ஐஓ ஏபிக் என்று இன்னொன்று, 24 கம்பிகளுடன். கம்பி ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பதிவு இருக்கும்: இந்தக் கம்பி துடித்தால் எந்த எண்ணை அனுப்ப வேண்டும், எந்தக் கோருக்கு அனுப்ப வேண்டும், இப்போதைக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா. இயங்குதளம் அந்தப் பதிவை மாற்றி எழுதினால் மணி வேறு அறையில் அடிக்கும். யார் போவது என்ற கேள்வி அன்றிலிருந்து மென்பொருளின் கைக்கு வந்தது.

அதற்கு விடை தேடுமுன் இயங்குதளம் எழுதுகிறவர்கள் வேறொரு சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ஒற்றைப் ப்ராசசர் காலத்தில் கெர்னலுக்கு ஒரு சுலபமான பாதுகாப்பு இருந்தது. ஒரு வரிசையில் பாக்கெட்டைச் சேர்க்கிறோம். பாதி சேர்த்த நிலையில் குறுக்கீடு வந்து அதன் கையாளியும் (அந்தக் குறுக்கீட்டுக்குரிய கெர்னல் பகுதி) அதே வரிசையில் கை வைத்தால் எல்லாம் குழம்பிவிடும். என்ன செய்வது? சேர்க்கும் அந்தச் சில நுண்நொடிகள் குறுக்கீட்டை அணைத்துவிடு. இன்டெல்லில் அதற்கு சிஎல்ஐ என்று ஒற்றைக் கட்டளை உண்டு. அணைத்தால் வேறு யாரும் உள்ளே வர முடியாது, ஏனென்றால் வேறு யாரும் இல்லவே இல்லை. பழைய டிரைவர்களில், அதாவது சாதனங்களை இயக்கும் நிரல்களில், சிஎல்ஐ தண்ணீர்பட்ட பாடாக இருக்கும்.

இரண்டாவது கோர் வந்ததும் இந்த வேலி பொத்தலாகிவிட்டது. சிஎல்ஐ இந்தக் கோருக்கு வரும் குறுக்கீட்டை மட்டும்தான் அணைக்கும். பக்கத்துக் கோர் பாட்டுக்குத் தன் குறுக்கீட்டை வாங்கி, அதே வரிசையில் அதே நொடியில் கை வைக்கும். சரி, ஒரு பூட்டுப் போடலாம்: யார் வரிசையைத் தொட வந்தாலும் முதலில் பூட்டை எடுக்க வேண்டும், கிடைக்காவிட்டால் கிடைக்கும்வரை அங்கேயே சுழன்றபடி காத்திருக்க வேண்டும். இதுதான் ஸ்பின்லாக்.

பூட்டு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கோர் 2 பூட்டை எடுத்து வரிசையில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து அதே கோர் 2-க்கு நெட்வொர்க் குறுக்கீடு வருகிறது. பழைய வேலை அப்படியே நிற்க, கையாளி ஓடத் தொடங்குகிறது. அதற்கும் அந்த வரிசை வேண்டும்; பூட்டைக் கேட்கிறது; பூட்டு இல்லை; சுழல்கிறது. பூட்டை வைத்திருப்பது யார்? இதே கோரில் நிறுத்தி வைக்கப்பட்ட பழைய வேலை. கையாளி முடிந்தால்தான் அது எழும். அது எழுந்து பூட்டை விட்டால்தான் கையாளி முடியும். கணினி அந்த இடத்தில் உறைந்துவிடும். பிழைச் செய்திகூட வராமல் போகலாம்.

ஆகவே இரண்டும் சேர்ந்தே வேண்டும். இந்தக் கோரில் குறுக்கீட்டை அணை, அப்புறம் பூட்டை எடு. அணைப்பது நமக்கு நாமே இடைஞ்சல் செய்துகொள்ளாமல் இருக்க. பூட்டு பக்கத்து வீட்டுக்காரருக்காக. கோர் 3-க்கு அதே நேரம் குறுக்கீடு வந்து அது பூட்டுக்காகச் சுழன்றால் மோசமில்லை. கோர் 2 தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் விட்டுவிடும். லினக்ஸ் டிரைவர் எழுதுகிறவர்கள் தினமும் தட்டும் ஸ்பின்லாக் ஐஆர்க்யூசேவ் என்ற பெயருக்குள் இந்த இரண்டு வேலையும் அடங்கியிருக்கின்றன. எதை முதலில் செய்வது என்பது முக்கியம். பூட்டை எடுத்த பிறகு அணைத்தால், இரண்டுக்கும் இடையே உள்ள அந்த இம்மி நேரத்தில் குறுக்கீடு வந்து சேரும். எப்போதாவது ஒரு நாள் வரும், நிச்சயம் வாடிக்கையாளரின் கணினியில்தான் வரும்.

பழைய டிரைவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன, எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முடியாது. அதனால் லினக்ஸ் சில காலம் குறுக்கு வழி ஒன்றை வைத்திருந்தது: பல ப்ராசசர் கெர்னலில் டிரைவர் சிஎல்ஐ என்று எழுதினால், அது எல்லாக் கோர்களிலும் குறுக்கீட்டை நிறுத்தும்படி மென்பொருளால் நடிக்க வைத்தார்கள். ஏதோ ஒரு மூலையில் ஒரு டிரைவர் தன் சின்ன வரிசையைக் காக்க வேண்டும் என்று மொத்த வீட்டையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வது. 2002இல்தான், கெர்னலின் 2.5 பதிப்புகளில், இந்த நடிப்பை எடுத்தெறிந்தார்கள். மாறாத டிரைவர்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. அந்தப் பிடிவாதம் சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

இதற்கு மூன்று வருடம் முன்பு லினக்ஸ் உலகம் வாங்கிய ஒரு குட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1999 ஏப்ரலில் மைண்ட்கிராஃப்ட் என்ற நிறுவனம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. டெல் பவர்எட்ஜ் 6300 சர்வர். 400 மெகாஹெர்ட்ஸ் ஜியான் ப்ராசசர் நான்கு. நெட்வொர்க் கார்டு நான்கு. கோப்புப் பகிர்வில் விண்டோஸ் என்டி 4.0 லினக்ஸை விட 2.5 மடங்கு வேகம், வலைப்பக்கம் தருவதில் 3.7 மடங்கு என்றது அறிக்கை. சோதனைக்குப் பணம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். கொதித்துப் போனார்கள் லினக்ஸ்காரர்கள். என்டியை மட்டும் செதுக்கிச் செதுக்கி அமைத்துவிட்டு லினக்ஸைக் கடனே என்று விட்டுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் ஜூனில் லினக்ஸ் தரப்பு ஆட்களையும் கூட வைத்துக்கொண்டு மறுபடி சோதித்தபோதும் என்டிதான் முந்தியது.

அந்த அறிக்கையின் அமைப்பு விவரங்களில் ஒரு வரி உண்டு: என்டியில் கார்டு ஒவ்வொன்றையும் ஒரு ப்ராசசரோடு கட்டியிருந்தார்கள். நான்கு கார்டு, நான்கு ப்ராசசர், அவரவர் மணியை அவரவர் பார்த்துக்கொள்வது. லினக்ஸ் 2.2-க்கு அன்று அப்படிக் கட்டத் தெரியாது. கட்டியிருந்தாலும் பெரிதாகப் பயன் இருந்திருக்காது. நெட்வொர்க் பகுதி முழுவதும் பொதுப் பூட்டுகளுக்குப் பின்னால் நின்றது, ஒரு நேரத்தில் ஒரு ப்ராசசர்தான் அதற்குள் புக முடியும். நான்கு பேர் வேலைக்கு வந்து, ஒரு அரிவாள்மணைக்கு வரிசையில் நின்ற கதை. 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பில் நெட்வொர்க் பகுதியின் பூட்டுகள் துண்டாக்கப்பட்டன. எந்தக் குறுக்கீடு எந்தக் கோருக்குப் போகலாம் என்று குறிக்கும் எஸ்எம்பி அஃபினிட்டி என்ற கோப்பும் வந்து சேர்ந்தது. இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

சரி, கட்டி வைப்பதில் அப்படி என்ன லாபம்? கேஷில், அதாவது கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன வேக நினைவகத்தில், இருக்கிறது விஷயம். கோர் தன் பக்கத்துக் கேஷிலிருந்து ஒன்றை எடுக்க நாலைந்து சுழற்சி போதும். நினைவகம்வரை போக நூறு நானோநொடியை நெருங்கிவிடும். குறுக்கீட்டைக் கையாளும் நிரல், கார்டின் வரிசைகள், பூட்டு, எண்ணிக்கைகள் எல்லாம் முதல் தடவை கேஷுக்கு வந்துவிட்டால், அடுத்த குறுக்கீடு அதே கோருக்கு வரும்போது எல்லாம் சூடாக எடுப்பதற்குத் தயாராக இருக்கும். அடுத்தது வேறு கோருக்குப் போனால் அத்தனையும் அங்கே இடம்பெயர வேண்டும். மாற்றி மாற்றிப் போனால் சாமான் மூட்டை கோருக்குக் கோர் அலைந்துகொண்டே இருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. பாக்கெட்டுகளை முறை மாறாமல் சேர்க்கும் நெறிமுறை டிசிபி. ஒரே டிசிபி இணைப்பின் அடுத்தடுத்த பாக்கெட்டுகள் இரண்டு கோரில் கையாளப்பட்டால் பின்னால் வந்தது முன்னால் போய்ச் சேரலாம். நடுவில் ஒன்று தொலைந்துவிட்டது என்று டிசிபி நினைத்து மறுபடி அனுப்பச் சொல்லும்.

பென்டியம் 3 காலம்வரை ஏபிக் வன்பொருளே, யார் குறைந்த முன்னுரிமை வேலையில் இருக்கிறாரோ அவருக்கு என்று அழைப்புகளைச் சுழற்றி விட்டுக்கொண்டிருந்தது. எண்கள் எல்லாப் பத்தியிலும் அழகாகச் சமமாக ஏறும். பார்க்க நியாயமாக இருக்கும், கேஷுக்கோ அலைச்சல். பென்டியம் 4 வகை ஜியான்களில் அந்தச் சுழற்சி போய்விட்டது. எல்லாம் சிபியு 0-இல் குவியத் தொடங்கின. அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம் என்று வந்ததுதான் அர்யன் வான் டி வென் எழுதிய ஐஆர்க்யூபேலன்ஸ். பின்னணியில் ஓடும் சிறு நிரல். 10 நொடிக்கு ஒரு முறை கணக்கைப் பார்த்து, ஒரே கோரில் சுமை ஏறியிருந்தால் ஒரு சாதனத்தை முழுதாக வேறு கோருக்கு மாற்றிவிடும். அழைப்புக்கு அழைப்பு மாற்றுவதில்லை. இன்றைய லினக்ஸ் இன்டெல் வகைக் கணினிகளில் ஒரு குறுக்கீட்டுக்கு ஒரு கோர் என்றே ஒதுக்குகிறது; 2017இல் தாமஸ் க்ளெய்க்ஸ்னர் அந்த ஒதுக்கீட்டுப் பகுதியைத் திருத்தி எழுதியபோது வந்த முடிவு. முதலில் பார்த்த அட்டவணையில் பூஜ்யங்கள் அத்தனை இருப்பது இதனால்தான்.

இதற்கிடையே கம்பியே காணாமல் போனது. பிசிஐ கார்டுகள் காலத்தில் நான்கே நான்கு குறுக்கீட்டுக் கம்பிகளைப் பல கார்டுகள் பங்கிட்டுக்கொண்டன. கம்பி துடித்தால் யார் கூப்பிட்டது என்று தெரியாது. கெர்னல் அந்தக் கம்பியில் பதிந்த டிரைவர் ஒவ்வொன்றாக எழுப்பி, உன்னுடையதா, உன்னுடையதா என்று கேட்கும். எல்லாரும் இல்லை என்று சொல்லியும் கம்பி துடித்துக்கொண்டே இருந்தால்? லினக்ஸில் அதற்கு ஒரு பொறுமை அளவு உண்டு. 1,00,000 அழைப்பில் 99,900-க்கு மேல் யாரும் உரிமை கோராவிட்டால் அந்தக் கம்பியை அடைத்துவிட்டு, பதிவேட்டில் ‘ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்’ என்று எழுதும். யாரும் கண்டுகொள்ளவில்லையாம். கெர்னல் செய்திகளில் இவ்வளவு சோகமானதை நான் பார்த்ததில்லை. இதைப் பார்த்துவிட்டு யுஎஸ்பி ஏன் வேலை செய்யவில்லை என்று தேடி அலைந்தவர்கள் நிறையப் பேர்.

இதற்கு மாற்று எம்எஸ்ஐ. சாதனம் கம்பியைத் துடிக்க வைப்பதற்குப் பதில், நினைவகத்தில் எழுதுவதுபோல ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு ஒரு சின்ன எண்ணை எழுதுகிறது. இன்டெல் வகையில் அந்த முகவரி 4 ஜிபி எல்லைக்குச் சற்றுக் கீழே, 4078ஆவது எம்பியில் தொடங்கும். அங்கே நினைவகம் எதுவும் இல்லை. எழுதியது நேராக ஏபிக்குக்குப் போகும். எந்தக் கோர் என்பது முகவரிக்குள்ளேயே இருக்கிறது, எந்த எண் என்பது எழுதிய தகவலில். பங்கு போட வேண்டிய தேவையே இல்லை. எம்எஸ்ஐ-யில் ஒரு சாதனத்துக்கு 32 எண்கள்வரை, பின்னால் வந்த எம்எஸ்ஐ-எக்ஸில் 2048 வரை.

இதில் எனக்குப் பிடித்த சின்ன விஷயம் ஒன்று. கம்பி தனி வழி, தகவல் தனி வழி என்று இருந்த காலத்தில் மணி முதலில் அடித்துவிடும், பாக்கெட் இன்னும் நினைவகத்துக்கு வந்து சேராமல் பாதி வழியில் இருக்கும். டிரைவர் அவசரப்பட்டுப் படித்தால் பழைய குப்பைதான் கிடைக்கும். அதற்காகவே கார்டின் ஏதாவது ஒரு பதிவகத்தைச் சும்மா படித்து, வழியில் இருப்பதெல்லாம் வந்து சேரட்டும் என்று காத்திருப்பார்கள். எம்எஸ்ஐ-யில் பாக்கெட்டும் மணியும் ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மணி வந்துவிட்டது என்றால் பாக்கெட் முன்னாலேயே வந்துவிட்டது.

மணி அடித்து, சரியான கோர் எழுந்தும் வந்துவிட்டது. எவ்வளவு நேரம் வாசலில் நிற்கலாம்? கையாளி ஓடும்போது அந்தக் கோரில் குறுக்கீடுகள் அணைந்திருக்கின்றன, அதனால் வேலையை இரண்டாக வெட்டுகிறார்கள். வாசலில் பார்சலை வாங்கிக் கையெழுத்துப் போடுவது ஒன்று; பிரித்துப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பது, அப்புறம். விண்டோஸ் அந்த இரண்டாம் பாதியை டிபிசி என்கிறது, லினக்ஸ் சாஃப்ட்ஐஆர்க்யூ என்கிறது. இரண்டாம் பாதி ஓடும்போது குறுக்கீடுகள் மறுபடி திறந்திருக்கும். முதல் பாதி எந்தக் கோரில் நடந்ததோ பொதுவாக அதே கோரில்தான் இரண்டாம் பாதியும் நடக்கும். இதை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் வேலைக்கு ஆகும்.

வெட்டினாலும் ஒரு எல்லைக்கு மேல் போதாது. 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாக அனுப்பினால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்துக்கு மேல் வரும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 67 நானோநொடி. ஒவ்வொன்றுக்கும் மணி அடித்தால் கோர் வாசலுக்கும் அடுப்புக்குமாக ஓடியே சாகும். பாக்கெட்டை வாங்கி வைக்கும், பிரிக்க நேரம் இருக்காது. வாங்கி வைத்தது நிரம்பி வழிந்து குப்பைக்குப் போகும். 1996இலேயே ஜெஃப்ரி மோகலும் கே. கே. ராமகிருஷ்ணனும் இதை அளந்து காட்டினார்கள்: பாக்கெட் வரத்து கூடக் கூட, வெளியே போகும் வேலை ஒரு உச்சத்தைத் தொட்டுவிட்டுச் சரிந்து பூஜ்யத்தை நெருங்கும். கணினி முழு மூச்சாக வேலை செய்துகொண்டிருக்கும், ஒன்றும் நடக்காது.

லினக்ஸின் மருந்து நாபி. முதல் பாக்கெட்டுக்கு மணி அடிக்கட்டும். டிரைவர் உடனே கார்டின் மணியை அணைத்துவிட்டு, இரண்டாம் பாதியில் தானே போய் வரிசையிலிருந்து ஒரு தடவைக்கு 64 வரை அள்ளும். 64-க்குக் குறைவாகக் கிடைத்தால் கூட்டம் குறைந்துவிட்டது என்று பொருள். மணியைத் திரும்பப் போட்டுவிட்டு வந்துவிடும். நிறைந்து கிடைத்தால் மணியே இல்லாமல் அள்ளிக்கொண்டே இருக்கும். போய்ப் போய்க் கேட்பது வீண் என்று தொடக்கத்தில் சொன்னேன். வரத்து குறைவாக இருக்கும்போதுதான் அது வீண். அள்ளுவதும் எல்லையில்லாமல் போகக் கூடாது. சாஃப்ட்ஐஆர்க்யூ 2 மில்லிநொடிக்கு மேலோ 10 சுற்றுக்கு மேலோ போனால், மீதி வேலை கேசாஃப்ட்ஐஆர்க்யூடி என்ற சாதாரண இழைக்கு (தனியாக ஓடும் வேலைத்தொடர்) தள்ளப்படும். கோருக்கு ஒன்று உண்டு. மற்ற நிரல்களோடு வரிசையில் நின்று தன் முறைக்குத்தான் ஓட வேண்டும்.

ஒரு தடவை எட்டுக் கோர் சர்வர் ஒன்றில் பாக்கெட்டுகள் தொலைகின்றன என்று கூப்பிட்டார்கள். கண்காணிப்புப் பலகையில் சிபியு 13 சதவீதம் என்று சாதுவாக இருந்தது. அதனால் நெட்வொர்க் கேபிள்மேல் சந்தேகம், ஸ்விட்ச்மேல் சந்தேகம், கேபிளை மாற்றியும் பார்த்தாகிவிட்டது. டாப் கட்டளையைப் போட்டு 1 என்ற எண்ணைத் தட்டினால் கோர் வாரியாகப் பிரித்துக் காட்டும். ஏழு கோர்கள் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் மட்டும் எஸ்ஐ என்ற இடத்தில் 100. எஸ்ஐ என்றால் சாஃப்ட்ஐஆர்க்யூவில் போன நேரம். எட்டில் ஒன்று முழுதாக எரிந்தால் சராசரி 12.5, பலகையில் 13. கார்டுக்கு ஒரே வரிசை, ஒரே மணி. முதல் பாதி நடந்த கோரிலேயே இரண்டாம் பாதியும் என்பதால் மொத்தப் பாரமும் ஒரு தலையில்.

இந்த இடத்தில் மாற்றி மாற்றிக் கொடுக்கலாமே என்று கை துறுதுறுக்கும். கொடுத்தால் மேலே சொன்ன கேஷ் அலைச்சலும் பாக்கெட் வரிசை குழம்புவதும் வரும். ஆர்எஸ்எஸ் என்ற வழி இதைக் கெட்டிக்காரத்தனமாகத் தாண்டுகிறது. கார்டே பல வரிசைகளை வைத்துக்கொள்ளும். வரிசை ஒவ்வொன்றுக்கும் தனி எம்எஸ்ஐ-எக்ஸ் மணி, ஒவ்வொரு மணியும் ஒரு கோருக்கு. வந்த பாக்கெட்டின் இரு முனை ஐபி முகவரி, இரு முனை போர்ட் எண் ஆகியவற்றைக் கலந்து கார்டு ஓர் எண்ணைக் கணக்கிடும். அந்த எண்தான் வரிசையைத் தீர்மானிக்கும். ஆக, ஒரு இணைப்பின் பாக்கெட் எல்லாம் எப்போதும் ஒரே கோருக்கு; வெவ்வேறு இணைப்புகள் வெவ்வேறு கோருக்கு. கார்டுக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லாவிட்டால் கெர்னலே அதைக் கணக்கிட்டு இரண்டாம் பாதியை வேறு கோர்களுக்கு அனுப்பும் ஆர்பிஎஸ் உண்டு. கூகுளின் டாம் ஹெர்பர்ட் எழுதி 2010இல் 2.6.35 பதிப்பில் சேர்ந்தது. அந்தச் சர்வரில் போட்டது இதைத்தான். ஒரு கோப்பில் நான்கு எழுத்துக்கும் குறைவான ஒரு மாற்றம். கேபிளை யாரும் திரும்ப மாற்றவில்லை.

என்விஎம்இ வட்டுகள் இந்த எண்ணத்தையே அடித்தளமாக வைத்து வந்தவை. கோருக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு மணி. படிக்கச் சொன்ன கோரிடமே படித்தாயிற்று என்ற சேதி வரும். அட்டவணையில் என்விஎம்இ வரிகள் குறுக்குக் கோடு போல மூலைவிட்டமாக இறங்குவதைப் பார்க்கலாம்.

கீழே இன்னும் சில வரிகள் இருக்கும், எந்தச் சாதனத்தின் பெயரும் இல்லாமல். அவை கோர்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்வது. ஆர்இஎஸ் என்பது, உனக்கு வேலை போட்டிருக்கிறேன் எழுந்திரு என்று. சிஏஎல் என்பது, இந்தச் செயற்கூற்றை உன் பக்கம் ஓட்டு என்று. டிஎல்பி என்பதுதான் சுவாரசியமானது. நிரல் ஒன்றின் இழைகள் எட்டுக் கோரில் ஓடுகின்றன. ஓர் இழை நினைவகத் துண்டு ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தத் துண்டு எங்கே இருந்தது என்ற குறிப்பை ஒவ்வொரு கோரும் டிஎல்பி என்ற தன் சிறு அட்டவணையில் நகல் எடுத்து வைத்திருக்கும். அந்த நகல் இனி செல்லாது, அழித்தாக வேண்டும். ஏஆர்எம் ப்ராசசர்களில் அழிக்கும் கட்டளையை எல்லாக் கோருக்கும் வன்பொருளே ஒலிபரப்பிவிடும். இன்டெல்லில் அப்படி வழக்கம் இல்லை. கெர்னல் மற்றக் கோர்களுக்குக் குறுக்கீடு அனுப்பி, நகலைக் கிழித்துப் போடு என்று சொல்லி, எல்லாரும் கிழித்தாயிற்று என்று பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் கோர் தன் பக்கம் குறுக்கீட்டை அணைத்திருந்தால்? கோர் 1 கோர் 5-இன் பதிலுக்காக நிற்கிறது. கோர் 5-உம் அதே நேரம் கோர் 1-இன் பதிலுக்காக நிற்கிறது. இரண்டு பேரும் காதை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மறுபடி அந்தப் பழைய உறைவு, இந்தத் தடவை பூட்டே இல்லாமல். குறுக்கீட்டை அணைத்த நிலையில் மற்றவரைக் கூப்பிட்டுக் காத்திருக்க முயன்றால் கெர்னல் எச்சரிக்கை எழுதுவது இதற்காகத்தான்.

மடிக்கணினியை உறங்க வைக்கும்போது இதையெல்லாம் தலைகீழாக ஓட்டிப் பார்க்கலாம். நினைவகத்தை மட்டும் உயிரோடு வைத்துவிட்டு மற்றதை அணைக்கும் பழைய வகை உறக்கத்தில், லினக்ஸ் சாதனங்களை ஒடுக்கிவிட்டு, சிபியு 0 தவிர மற்றக் கோர்களை ஒவ்வொன்றாக வெளியேற்றும். ஒரு கோர் போகும்போது அதை நோக்கியிருந்த மணிகளை இருக்கிறவர்கள் பக்கம் திருப்பிவிடும். என்விஎம்இ போலக் கோருக்கென்றே வைத்த மணிகளை அப்படியே மூடிவிடும். கடைசிக் கோரும் போனபின் ஒரு கணம், பதினாறு கோர் கணினியில் ஒரே ஒருவர் மட்டும், குறுக்கீட்டை அணைத்துவிட்டு, பூட்டுக்குப் போட்டி போட யாரும் இல்லாமல் நிற்பார். 1981இன் பிசி போல. மூடியைத் திறந்தால் ஒவ்வொருவராகத் திரும்பி வருவார்கள். அட்டவணையில் எண்கள் விட்ட இடத்திலிருந்து ஏறத் தொடங்கும்.